தூணிடம் வழி கேட்டவர்

நவரத்தினத்தின் வாயில் ஒரு சொட்டு மது பட்டதில்லை. அப்படிப்பட்டவர்தான் லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கத்துப் பப்புகளில் முதல்தரக் குடிகாரர் என்று பெயர் எடுத்திருந்தார். பாவம், அது அவர் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர்.

அவருக்குத் தொழில் வெந்நீர்ப் பொயிலர் திருத்துவது. போன வருடம் ஒரு பப்பில் பொயிலரைத் திருத்திவிட்டு, குழாய் சூடேறும்வரை சும்மா இருக்க முடியாமல் ஒரு வெறும் பீப்பாயில் தாளம் தட்டினார். கோயில் பஜனையில் பழகிய கை. மூலையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மூன்று வெள்ளைக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய குழுவுக்குப் பெயர் 'புழு விழுந்த ஆப்பிள்கள்'. ஆப்பிளைப் புளிக்கவைத்து எடுக்கிற சைடரைப் பற்றி மட்டுமே பாடுவது, அதுவும் வயிறு நோகச் சிரிக்கவைத்துப் பாடுவது என்று சபதம் எடுத்தவர்கள். சைடர் குடித்த பசு, சைடர்த் தொட்டிக்குள் விழுந்த பாதிரியார், ஒரு போத்தல் சைடருக்கு மாமியாரைக் கொடுத்த மருமகன் என்று ஊர்ப்பட்ட பாட்டு வைத்திருந்தார்கள். அக்கோடியன் வாசிக்கும் ரோஜர்தான் தலைவர். அன்றைக்கே நவரத்தினத்தைப் பீப்பாயோடு சேர்த்துக்கொண்டார். மேடையில் நவரத்தினத்துக்கு முன்னால் இருக்கும் கிளாஸில் ஆப்பிள் ஜூஸ். நிறம் ஒன்றுதானே, யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

வினை ஓர் ஒத்திகையில் தொடங்கியது. "உங்கள் ஆட்கள் குடித்தால் எப்படி நடப்பார்கள்?" என்று ரோஜர் கேட்டார். நவரத்தினம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஹரோவில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில், தன் மனைவியின் தமையன் செல்வரத்தினம் நடந்த நடையை அப்படியே நடந்து காட்டினார். ஒரு கையால் நழுவுகிற வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நெஞ்சில் வைத்து, மண்டபத்துத் தூணுக்கு முன்னால் தலை குனிந்து, "ஐயா, கொஞ்சம் வழி விடுங்கோ" என்றார் அன்றைக்குச் செல்வரத்தினம். தூண் அசையவில்லை. "பெரிய மனுசர், நீங்களே இப்பிடிச் செய்யலாமோ?" என்று தூணிடம் நியாயமும் கேட்டார். இதைக் கண்ட ரோஜர் அக்கோடியனோடு கதிரையிலிருந்து சரிந்து போனார்.

அடுத்த கிழமையே அது பாட்டாகிவிட்டது. நவரத்தினம் இடுப்பில் நிற்காத பெரிய காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆடினார். இரண்டு மாதத்தில் பப்புக்கு வருகிற வெள்ளைக்காரர் அத்தனை பேரும் கிளாஸைத் தூக்கி, "கொஞ்சம் வழி விடுங்கோ" என்று தமிழிலேயே சேர்ந்து பாடப் பழகிவிட்டார்கள். உச்சரிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். பணிவு மட்டும் நன்றாக வந்தது.

வீட்டில் மனைவி நகுலேஸ்வரிக்குத் தெரிந்தது பாதிதான். இங்கிலீஸ்காரரின் கிராமியக் கலைக்குழு என்று சொல்லிவைத்திருந்தார். அது பொய்யுமில்லை. ஆனால் தமையன் விஷயத்தில் அவளோடு விளையாட முடியாது. டென்மார்க்கில் இருந்த இவர்கள் இருவரையும் லண்டனுக்குக் கூப்பிட்டு, டூட்டிங்கில் தன் பலசரக்குக் கடைக்கு மேல் ஒரு வருடம் வைத்திருந்தவர் செல்வரத்தினம். முன்பு ஒருமுறை, "உம்மடை அண்ணை கொஞ்சம் அளவாக் குடிக்கலாம்" என்று நவரத்தினம் சொன்னதற்குப் பதினொரு நாள் அவள் வாய் திறக்கவில்லை. மேசைக்குச் சோறு வந்தது, சொல் வரவில்லை.

அதோடு, அந்த வருடம் வேறு மாதிரியான வருடம். ஊரில் யுத்தம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் வீடுகளில் தொலைபேசி அடித்தாலே நெஞ்சு பதறியது. நகுலேஸ்வரி சிரித்து நவரத்தினம் ஐந்து மாதமாகப் பார்க்கவில்லை. கிழமைக்கொருமுறை வெளியே போய்ச் சிரிப்பு மூட்டிவிட்டு வருவது அவருக்கே களவுபோல இருந்தது. அவளுடைய அண்ணையை வைத்துத்தான் அந்தச் சிரிப்பு என்று தெரிந்தால், வீட்டில் மிச்சமிருக்கிற பேச்சும் போய்விடும் என்று பயந்தார்.

ஒக்டோபரில் பூங்காவில் ஆப்பிள் விழா வந்தது. கழுவப் போட்ட காற்சட்டைப் பைக்குள் இருந்த துண்டுப்பிரசுரத்தை நகுலேஸ்வரி கண்டெடுத்தாள்.

"நானும் வாறன்."

"அங்கை சரியான குளிர். நீர் வர வேண்டாம்."

"அண்ணையும் வாறார். உங்களுக்குப் போர்த்திறதுக்குப் பொன்னாடையும் வாங்கிப்போட்டார்."

மேடையைக் கண்டால் பொன்னாடை போர்த்தாமல் எங்கள் ஆட்களுக்குக் கை அடங்காது. நவரத்தினம் ஓடிப்போய், அந்தப் பாட்டை மட்டும் விட்டுவிடும்படி ரோஜரைக் கெஞ்சினார். "சனம் வருவதே அந்தப் பாட்டுக்குத்தான்" என்று ரோஜர் கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம். பொன்னாடை போர்த்துகிறவர் வேட்டியில்தான் போகவேண்டும் என்று, மேலே கம்பளிக் கோட்டோடு வந்திருந்தார் செல்வரத்தினம். வழியெல்லாம் சைடர்க் கடைகள். ருசி பார்க்கச் சின்னக் குவளையில் கொடுத்தார்கள். ஒரு கடைக்காரரின் மனமும் நோகக் கூடாது என்று எல்லாக் கடையிலும் அவர் ருசி பார்த்தார்.

கடைசிப் பாட்டும் வந்தது. மடியில் கனம் இருப்பவருக்கு வழியில்தானா பயம், மேடையிலும்தான். கால் நடுங்கியதால் அன்றைக்கு நடை இன்னும் அசலாக விழுந்தது. இருநூறு வெள்ளைக்காரர் ஒரே குரலில், "கொஞ்சம் வழி விடுங்கோ" என்றார்கள். இரண்டாம் வரிசையில் நகுலேஸ்வரியின் முகம் கல்லாக இருந்தது. பக்கத்தில் செல்வரத்தினம் கண்ணீர் வரச் சிரித்தார்.

"உது ஆர் தெரியுதோ, நகுலா? அசல் எங்கடை கூட்டாளி சண்முகராசா. எங்கை குடிச்சாலும் உவன் உப்பிடித்தான்."

பாட்டு முடிந்ததும் பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவர் மேடைக்கு ஏறினார். கூடாரத்தைத் தாங்கிய கம்பம் மேடையின் நடுவில் நின்றது. அவரும் நின்றார். இடக்கை வேட்டியைப் பிடித்தது. பொன்னாடையோடு வலக்கை நெஞ்சுக்குப் போனது. தலை குனிந்து, "ஐயா, கொஞ்சம் வழி விடுங்கோ" என்றார்.

கூடாரத்தில் எழுந்த சிரிப்பும் கைதட்டலும் அடங்க நெடுநேரம் பிடித்தது. ரோஜர் சந்தோஷம் தாங்காமல் பாட்டை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். கைதட்டலெல்லாம் பொன்னாடைக்குத்தான் என்று நினைத்த செல்வரத்தினம் நாலு பக்கமும் கும்பிட்டார்.

"வெள்ளைக்காரனுக்குக் கலைஞனை மதிக்கத் தெரியுது, மச்சான்" என்று சொல்லிவிட்டு, நண்பர் ஒருவரின் வான் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனார்.

புருசனும் பெண்சாதியும் பஸ் நிறுத்தம்வரை பேசாமல் நடந்தார்கள். முதலாம் நாள் என்று நவரத்தினம் மனதுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தார். இனியும் பொறுக்க முடியவில்லை.

"நகுலா, நான் செய்தது பிழைதான்."

"ஓம், பிழைதான்." அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணை வேட்டியை இடக்கையாலை எல்லோ பிடிக்கிறவர். நீங்கள் வலக்கையாலை பிடிக்கிறியள்."

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். இடக்கையால் சேலைக் கொய்யக மடிப்பைப் பிடித்தாள். வலக்கையை நெஞ்சில் வைத்து, பஸ் நிறுத்தக் கம்பத்துக்கு முன்னால் தலை குனிந்தாள்.

"பெரிய மனுசர், நீங்களே..." என்று தொடங்கியவளுக்கு அதற்கு மேல் ஏலவில்லை. கம்பத்தையே பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

ஐந்து மாதம். பொன்னாடையைப் போர்த்தபடி நவரத்தினம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் வந்து, நின்று, இரண்டு பேரையும் ஏற்றாமலே போய்விட்டது.