தூங்கும் குழந்தையை எழுப்பும் பிரிவு

குழந்தைகள் நலத்துறையில் ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. குழந்தையை அடிப்பதாகப் புகார் வந்த வீட்டில் கதவு திறக்கவில்லை என்றால், ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதக் கூடாது. எழுதினால் அடுத்த மூன்று நாளும் அங்கே போய் நிற்க வேண்டும். ‘குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது’ என்று எழுதினால் கோப்பு வாயை மூடிக்கொள்ளும். ஆளுக்கு அறுபது வீடு. எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் கள அலுவலர் ஒருத்தியும் அப்படியே எழுதினாள். இரண்டு தட்டு தட்டினாள், கதவு திறக்கவில்லை, படியிறங்கிவிட்டாள். ஐந்தாம் நாள் அந்த வீட்டிலிருந்து ஆறு வயதுப் பெண்ணின் உடலை எடுத்தார்கள்.

ஊர் கொதித்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சட்டமன்றம் புதுச் சட்ட மசோதாவோடு வந்தது. தூங்கும் குழந்தையை எழுப்பிப் பேசாமல் எந்த அலுவலரும் திரும்பக் கூடாதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திறக்காத கதவைப் பற்றியோ, அறுபது வீட்டைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. அவளுடைய ஒரு பொய்யை நம்பி, இல்லாத ஓட்டையை அடைக்க அத்தனை பெரிய மனிதர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மசோதாவை ஆராயும் சட்டமன்றக் குழுவின் கடைசி விசாரணையில் தலைவர் அவளிடம் கேட்டார்: “குழந்தை தூங்கிட்டுதானே இருந்தது?”

உண்மையைச் சொன்னால் சட்டம் திருந்தும், வேலை போய்விடும்.

“ஆமாங்கய்யா” என்றாள். நாக்குக் கூசவில்லை. பழகிப்போன பொய்.

வெளியே பெஞ்சில் குழந்தையின் அத்தை உட்கார்ந்திருந்தாள். புகார் கொடுத்தவள் அவள்தான். எழுந்து வந்து அலுவலரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசியா அவளைப் பார்த்த நல்ல மனுஷி நீங்கதாம்மா. நிம்மதியா தூங்கினாளா?”

“ம்... நல்லா தூங்கினா.”

“எப்படிப் படுத்திருந்தா?”

“வலது பக்கமா, ஒருக்களிச்சு.”

அத்தையின் நெற்றி சுருங்கியது. “வலது தோள் உடைஞ்சு ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்னு உடம்பைப் பார்த்த டாக்டர் அன்னிக்கே சொன்னாரே. அந்தப் பக்கம் எப்படிம்மா படுத்தா?”

குற்றம் சாட்டவில்லை, புரியாமல்தான் கேட்டாள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படிக்க அலுவலருக்கு இன்றுவரை துணிவு வந்ததில்லை.

“நான் அவளைப் பார்க்கவே இல்லைங்க” என்றாள்.

அத்தை கையை உருவிக்கொண்டாள்.

குழு அறையை உள்ளே தாழ் போட்டிருந்தார்கள். அலுவலர் தட்டினாள். திறக்கவில்லை. இந்த முறை அவள் போகவில்லை; திறக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.