கண்ணாடிப் பெட்டியின் ஐந்தாம் மாடி

பழைய தந்தி ஆபீஸைச் சுற்றிக் கோபுரங்கள் எழும்பியதில் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தந்தி ஆபீஸ் மூன்று மாடிக் கருங்கல் கட்டடம். உச்சியில், கூரை விளிம்புக்குக் கீழே ஒரு குழிவு. அதற்குள் ஒரு பெண்ணின் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். காதருகே கையைக் குவித்து, எங்கோ தொலைவில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சுற்றி வளர்ந்து நிற்கும் தடியன்களில் ஒருவன்கூட அவளுக்கென்று துளி வெயிலை விட்டுவைக்கவில்லை. அதிலும் நேர் எதிரே நிற்பவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. தலை முதல் கால் வரை கண்ணாடி. கண்ணாடிப் பெட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன். என் கெட்ட நேரம், என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது அந்தப் பெட்டியின் ஐந்தாம் மாடியில்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார். யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர்.

நகரத்தின் பழைய கட்டடங்களை நான் எடுத்த படங்கள் புத்தகமாக வரவிருந்தன. என் பெயர் போட்ட முதல் புத்தகம். அட்டைக்குத் தந்தி ஆபீஸின் அந்த முகம்தான் வேண்டும், அதுவும் கண்ணும் மூக்கும் தெரிய வேண்டும் என்று பதிப்பாசிரியர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் யாரோ ஒரு டிரோன்காரன் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் போட்டுவிடுவாராம். உள்ளே முழுக்க என் உழைப்பு, அட்டையில் மட்டும் அவன் படம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்குப் பழுதுபார்க்கிறோம் என்று, நான் சொல்லப்போகும் நாளுக்கு மறுநாள் காலையில் தந்தி ஆபீஸுக்குச் சாரம் கட்டித் துணி போட்டு மூடப் போகிறார்கள். அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

கிழக்கு பார்த்த கட்டடத்தைக் காலையில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதன்படி நானும் மாதக்கணக்காக விடியலில் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவேன். கண்ணாடிப் பெட்டியின் நிழல் கட்டடம் முழுவதையும் விழுங்கியிருக்கும். திட்டித் தீர்த்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். கடைசி நாள் காலையிலும் அதே கதைதான். விளக்குப் போட்டு எடுத்துப் பார்த்தேன். முகத்தில் மாவு அப்பியதுபோல் வந்தது.

மதியம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அழுகை வந்துவிட்டது. முகம் கிடைக்கவே இல்லை என்று சொன்னேன்.

"ஏன் காலையில போறே? சாயங்காலம்தானே அது மேல வெயில் அடிக்கும்?"

கிழக்கு பார்த்த கட்டடத்தின் மேல் சாயங்கால வெயில் எப்படி அடிக்கும் என்று எரிந்து விழுந்தேன்.

"எங்க கண்ணாடியில பட்டுத் திரும்பி அடிக்குது. தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன். அப்புறம், இந்தக் கட்டடத்தைப் பத்திப் பேசவே கூடாதுன்னு நீதானே சொன்னே?"

எனக்கு மூக்குடைந்து போயிற்று. கேமராவை வாரிக்கொண்டு ஓடினேன்.

சாயங்காலம் தந்தி ஆபீஸின் முன் முக்காலியை நட்டு, வீட்டுக்காரரைப் போனில் அழைத்து, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தேன். சூரியன் தந்தி ஆபீஸுக்குப் பின்னால் இறங்கியது. வெயில் அதன் கூரையைத் தாண்டிப் போய் எதிரே இருந்த கண்ணாடியில் மோதியது. அடுத்த நிமிடம் கருங்கல் முழுக்கத் திட்டுத்திட்டாகப் பொன் வெளிச்சம். எத்தனையோ தடவை எடுத்த சுவர், தூண், ஜன்னல் வளைவு, எல்லாமே புதிதாகத் தெரிந்தன. ஆனால் வெளிச்சம் கண்ணாடிப் பெட்டியின் மேல்மாடிகளிலிருந்து சரிந்து வந்ததால் கூரை விளிம்பின் நிழல் முகத்தை மறைத்தது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

அப்போதுதான் என் காலடியில், தார்ச்சாலையில் கிடந்த ஒரு வெளிச்சச் சதுரம் நகர்ந்தது. நகர்ந்து, சுவரில் ஏறி, முகத்தைத் தொட்டுவிட்டுப் பொத்தென்று திரும்பச் சாலையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஐந்தாம் மாடியில் என் வீட்டுக்காரர். எனக்குக் கையசைப்பதற்காக ஜன்னலின் அடிப்பக்கத்தை வெளியே தள்ளியிருக்கிறார். கண்ணாடி சாய்ந்ததில்தான் அதில் பட்ட வெளிச்சம் மேலே ஏறியிருக்கிறது.

"திரும்பத் தள்ளுங்க," என்றேன். "மெதுவா. இன்னும் கொஞ்சம். அங்கேயே பிடிங்க."

சதுரம் சுவரில் ஏறிக் குழிவுக்குள் நுழைந்தது. மூக்கு தெரிந்தது. ஒரு கண் தெரிந்தது. நான் கேமராவில் குனிவதற்குள் மறுபடி இருட்டு.

போனில் அவருடைய மேனேஜரின் குரல் கேட்டது. ஏசி ஓடும்போது ஜன்னலை யார் திறந்தது என்று அதட்டினார். அந்த மனிதர் முன்னால் தும்மக்கூட யோசிப்பவர் என் கணவர். அவ்வளவுதான், அட்டை டிரோன்காரனுக்குத்தான் என்று முடிவுகட்டினேன். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது.

"சார், கீழே என் வீட்டுக்காரி படம் எடுக்கறா," என்றார் அவர். "வெளிச்சம் போற வரைக்கும் நான் இந்த ஜன்னலை மூட மாட்டேன்."

சாலையில் கிடந்த சதுரம் எழுந்து சுவரில் ஏறியது. முகத்தின் ஒரு பாதியில் போய் நின்றது. நான் பட்டனை அழுத்தப் போகும்போது இன்னொரு சதுரம் தட்டுத்தடுமாறிக்கொண்டு ஏறி வந்தது. அண்ணாந்து பார்த்தால், பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மேனேஜர். அவருக்குப் பின்னால் ஆபீஸே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு சதுரங்களும் ஒன்றோடொன்று சேர்ந்தன. இரண்டு கண்களும், உதடும், காதருகே குவித்த கையின் விரல்களும் எழும்பி வந்தன. இந்தத் தெருவில் யார் என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்கும்போலிருந்தது. சூரியன் மறையும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பதிப்பாசிரியர் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி விளக்கு என்று கேட்டார். புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'அட்டைப் படத்துக்கு வெளிச்சம் தந்தது எதிர்க் கட்டடத்தின் ஐந்தாம் மாடி.'

வீட்டில் அந்தச் சட்டம் இப்போது இல்லை. தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறார். லிஃப்ட் நின்றது, மேனேஜர் விசாரித்தார், எட்டாம் மாடியில் புதுக் கண்ணாடி மாட்டினார்கள். நானும் கையில் சோறு காய, அந்தக் கல்முகத்துக்காரியைப்போல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.