அக்காவுக்கு விட்ட இடம்

1

ஒருவரைப் பற்றி, அவரை வளர்த்தவரிடமே சொல்ல வேண்டுமென்றால் நீங்கள் எதை முதலில் சொல்வீர்கள்?

அவசரமில்லை, யோசியுங்கள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதைக்கு முதல் வரி இன்னும் வந்தபாடில்லை. இது எப்படி என் தலையில் விழுந்தது என்று சொல்லத் தொடங்குகிறேன், அதற்குள் வந்தாலும் வரும்.

நான் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்யும் இடத்தில். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவது என் வேலை. அடுத்த மேசையில் மெழுகில் பல் அடுக்குபவர் சித்தப்பா. அவர் எங்களில் யாருக்கும் சித்தப்பா இல்லை, அப்படியொன்றும் வயதும் ஆகிவிடவில்லை. யார் இருமினாலும் “சுடுதண்ணி குடிச்சியா?” என்று பின்னாலேயே வருவார், அதனால் பட்டம் ஒட்டிக்கொண்டது. அவரும் நானும் ஒரே வீட்டில் ஆளுக்கு ஓர் அறையில் இருக்கிறோம். எனக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டார்.

“நீ கதை எழுதுறவன்தானே?”

“எழுதுறேன். எவன் போடுறான்?”

“எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. எங்க அக்கா படிக்கிற மாதிரி.”

அம்மா போனபின் அவரைத் தூக்கி வளர்த்தது அக்காதான். தூரத்தில் இருக்கிறார். தம்பிக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார், அந்த வீட்டுக்குச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சித்தப்பாவுக்கோ ஆண்களைத்தான் பிடிக்கும்.

“போன்லயே சொல்லிடலாமே?”

“சொல்லலாம்னு வாயெடுப்பேன். அவ ‘சாப்பிட்டியாடா’ம்பா. சாப்பிட்டேன்னு சொல்லிட்டு வெச்சிடுவேன். அவ கதை படிப்பாடா. எடுத்தா முடிக்காம எழுந்திருக்க மாட்டா. அவளை உக்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல.”

(பாருங்கள், முதல் பகுதி முடிவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். அதை எங்கே சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்பதுதான் இந்தக் கதையின் வழக்கே.)

2

முதல் தொடக்கம்:

*அவர் ஒரு தன்பாலீர்ப்பாளர். அவர் —*

“இது யாரு?” என்றார் சித்தப்பா.

“நீங்கதான்.”

“பேப்பர்ல வர்ற ஆள் மாதிரி இருக்கு. எங்க அக்காவுக்கு இந்த வார்த்தை புரியாது. புரிஞ்சா அது இன்னும் மோசம். நான் காணாமப் போயி அவ தேடி அலைஞ்சது, அவ கல்யாணத்தன்னிக்கு நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு அழுதது, எல்லாத்தையும் அழிச்சுட்டு இது ஒண்ணை எழுதிப்பா. அப்புறம் நான் அவளுக்குத் தம்பியே இல்ல. அந்த வார்த்தை மட்டும்தான்.”

நியாயமாகப் பட்டது. அடித்தேன்.

இரண்டாவது தொடக்கத்தில் வேறு தந்திரம் செய்தேன். அந்த விஷயத்தைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டு, அதுவரை அவருடைய நல்ல குணங்களாக அடுக்கினேன். உழைப்பு, தானம், பொறுமை. அக்கா மனம் இளகி நிற்கும்போது மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று கணக்கு.

*அவரைப் போல ஒரு நல்லவரை —*

அந்த வாக்கியத்தை முடிக்க அவர் விடவில்லை.

“எல்லாப் பல்லையும் நேரா அடுக்கி வெச்சிருக்கே.”

இதற்கு ஒரு சிறு விளக்கம் தேவை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. பல்செட் அழகாக இருக்கட்டும் என்று வெள்ளை வெளேரென்று, கோடு போட்ட மாதிரி அடுக்குவார்கள். அதை மாட்டிக்கொண்டு சிரித்தால் தெருமுனையிலிருந்து பார்ப்பவனுக்குக்கூடப் பொய்ப்பல் என்று தெரியும். சித்தப்பா ஒரு பல்லைச் சற்றே சாய்ப்பார், இன்னொன்றை அரை மயிரிழை உள்ளே தள்ளுவார்.

“நான் கரண்ட்டு பில்லுக்குச் சண்டை போடுறவன். கோவம் வந்தா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன். அதையும் எழுது. நல்லவனா இருந்தாத்தான் அக்கா ஏத்துக்கணும்னா, நாளைக்கு ஒரு தப்பு பண்ணினா என்னடா ஆவறது?”

இரண்டாவதும் போயிற்று. மூன்றாம் பகுதி என்று ஒன்று இருந்தது. அதில் நவீன சமூகத்தைப் பற்றி நானே நிறைய பேசியிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.

4

அடுத்து எழுதியதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பேச்சே அதில் கிடையாது. சித்தப்பா பல் அடுக்குகிறார், கரண்ட்டு பில்லைப் பார்த்துக் கத்துகிறார், வெறுங்காலோடு மாடிப்படி ஏறுகிறார். ஒரு மனிதனை மனிதனாக மட்டும் காட்டிவிட்டேன் என்று நினைத்தேன். யாரை விரும்புகிறான் என்பதா ஒருவனுடைய அடையாளம்? விலாசத்தை மட்டும் படித்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா? (இந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

அதைச் சமையலறையில் நின்றபடி டிரைவர் வாசித்தார். டாக்டர் டாக்டராகப் போய் எங்களுக்கு அச்சு வாங்கி வரும் வேனை ஓட்டுபவர். சித்தப்பாவின் ஆள். சண்டை போட்ட நாட்கள் போக மற்ற நாளெல்லாம் இங்கேதான் சாப்பாடு.

“நல்லாருக்கு எழுத்தாளரே. இதுல நான் எங்க?”

நான் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.

“‘வாசலில் வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.’ இதுவா? சத்தம்தானாய்யா நான்?”

“இல்லண்ணே, சித்தப்பாவை அது ஒண்ணை மட்டும் வெச்சுப் பாக்கக் கூடாதுன்னுதான்…”

“சரி. அது மட்டும்தான் அவருன்னா தப்பு, ஒத்துக்கறேன். அது ஒண்ணுமே இல்லைன்னு எழுதினா, நான் ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுதே. இத்தனை வருஷம் இந்த வீட்டுல யாருக்குய்யா நான் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சேன்?”

சித்தப்பா கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு அக்காவின் முகமும் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் நிற்கும் இந்த முகமும் தெரிந்தது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை அழிக்க விட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“எழுது. இவனையும் எழுது. இப்ப பேசினதையும் அப்படியே எழுது.”

“‘இவனை’யாம்! மரியாதை!” என்றார் டிரைவர்.

“போய்யா.”

ஆகவே அக்கா, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். அடித்ததும் கிழித்ததும் எல்லாம் சேர்த்து.

5

என் சார்பில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன் அக்கா. உங்களை நான் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தது. செத்தாலும் யாருக்கும் தெரியாது என்று படுத்துக் கிடந்தேன். அப்போது அவ்வளவாகப் பழக்கமில்லாத உங்கள் தம்பி கதவைத் தட்டி வந்து, ஈரத்துணியை நாலாக மடித்து என் நெற்றியில் போட்டார். ஓரத்தை மட்டும் காதுப் பக்கமாகக் கொஞ்சம் வெளியே விட்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வடியாமல் இருக்க அக்கா இப்படித்தான் மடிப்பாள் என்றார். நீங்கள் எப்போதோ மடித்த துணி அக்கா, என் நெற்றிவரை வந்தது. அந்தக் கை யாரை விரும்புகிறவரின் கை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அதே கைதான். நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

டிரைவருக்கும் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் நான் ஒரு நல்ல கதை எழுதியிருப்பேன், அதில் பாதி ஆள் இருந்திருப்பார்.

6

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா போனைத் தூக்கி எறிகிறார். இன்னொன்றில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி வருகிறார். இரண்டாவதைப் படித்து டிரைவர் மூக்கை உறிஞ்சினார். சித்தப்பா இரண்டையும் வாங்கி மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“அவ என்ன செய்வான்னு நீ எழுதாதே. நீ எழுதிட்டா அவ அதைச் செஞ்சாகணும்னு ஆயிடும். இல்ல, செய்யாததுக்குக் குத்தமாயிடும். இடத்தை விட்டுடு.”

விட்டிருக்கிறேன், அக்கா:

.

.

.

அக்காவுக்குப் போனது இதுவரைதான். சித்தப்பா பக்கங்களைப் படம் எடுத்துச் சாயங்காலம் போனில் அனுப்பினார். கீழே இருப்பது உங்களுக்கு மட்டும்.

7

மறுநாள் காலை அக்கா பெண் வீட்டாரைக் கூப்பிட்டு இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் சித்தப்பாவுக்குப் போன் செய்து சொன்னதால் தெரிந்தது. தம்பியை அக்கா கூப்பிடவில்லை. டிரைவர் வேனை எடுத்தார், நாங்கள் மூவரும் வேலைக்குப் போனோம்.