ஈரத்துக்குக் கழிவு

சனிக்கிழமை மதிய நிறுவை முடிந்து, கம்பெனி டிராக்டர் தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு வெண்பாறை எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் வடிவேல் இரண்டு சாக்குகளை ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டார். முதல் சாக்கு ஆறு கிலோ நானூறு. இரண்டாவது ஐந்து கிலோ தொள்ளாயிரம்.

"கோகிலவாணி" என்று அவர் அறிவித்தார். மேட்டிலுள்ள வரிசை வீடுகளான மேல் லயத்தில் இருப்பவர்கள் கைதட்டினார்கள். கீழ் லயத்துக்காரர்கள் காலிக் கூடைகளை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டார்கள்.

பேரூராட்சியின் ஏழாவது வார்டில் கட்சி யாரை நிறுத்துவது என்பதை முப்பது வருடங்களாக இந்தச் சங்கம்தான் சொல்லி அனுப்புகிறது. இந்த முறை வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சங்கத்திலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் மேல் லயத்தின் கோகிலவாணி. தாய்மார்கள் தேயிலைக் காட்டுக்குப் போன பிறகு பிள்ளைக் காம்பிராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். இன்னொருவர் கீழ் லயத்தின் தபித்தாள். பத்தொன்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவர், அதிகம் பேசாதவர்.

எந்தத் தகராறையும் சங்கம் கொழுந்தை நிறுத்துத்தான் தீர்த்துவந்தது. இலங்கையிலிருந்து வந்த புதிதில் கையைத் தூக்கச் சொன்னால் சண்டை வந்தது. சீட்டில் எழுதச் சொன்னால் பாதிப் பேருக்கு எழுத வராது. ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சாக்குகளில் ஒன்றில் போட்டுவிட்டு வந்தால் யார் எதில் போட்டார்கள் என்று தெரியாது. மாரியம்மன் திருவிழாத் தேதி, பால் சொசைட்டித் தலைவர், சங்கத்துக்கு டிவி வாங்குவதா கேரம்போர்டு வாங்குவதா என்பதெல்லாம் அப்படித்தான் முடிவானது. யாரும் குறை சொன்னதில்லை.

அன்று கருப்பம்மா ஒரு கேள்வி கேட்டார். நாவலப்பிட்டியில் பிறந்து, நடை பழகுமுன் கப்பலேறி வந்தவர் அவர். கீழ் லயத்தில் எதற்கும் முதல் வாய் அவருடையது.

"ஏம்ப்பா வடிவேலு, ஈரத்துக்கு எவ்வளவு கழிச்ச?"

வடிவேல் சிரித்து மழுப்பினார். கேள்வி மட்டும் அங்கேயே நின்றது. அன்று காலை மேல் லயத்துக்காரர்கள் எடுத்தது உச்சிக் காட்டில். பதினொரு மணிவரை அங்கே மூடுபனி விலகவில்லை. கீழ் லயத்துக்காரர்கள் எடுத்தது வெயில் விழுந்த சரிவில். கொழுந்து ஈரமாக இருந்தால் கம்பெனி தினமும் நூற்றுக்குப் பத்து கழிக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த விதி. எல்லோரும் எரிச்சலோடு ஏற்றுக்கொண்ட விதியும்கூட. மேல் லயத்தின் சாக்கில் அதைக் கழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேட்புமனுவுக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

வார்டின் கணக்கு எளிமையானது. மேல் லயத்தில் நூற்றுப் பதினெட்டு ஓட்டு, கீழ் லயத்தில் தொண்ணூற்று நான்கு, கடைத்தெருவில் நூற்று ஐம்பத்தைந்து. கடைத்தெரு எப்போதும் எதிர்க்கட்சிக்குப் போடும். இரண்டு லயமும் சேர்ந்து போட்டால்தான் சங்கம் ஜெயிக்கும். கீழ் லயத்தின் ஓட்டு பிரிந்து எதிர்க்கட்சிக்கும் போனால், அதில் அறுபத்தாறாவது வராவிட்டால் கோகிலவாணி தோற்பது உறுதி.

தோற்றால் போவது அவருக்குப் பதவி மட்டுமில்லை. லயத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் பாதை ஆள் நடக்கத்தான் ஆகும். ஆம்புலன்ஸ் பேக்கரி முனையோடு நின்றுவிடும். வலி வந்த பெண்களை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி வருவார்கள். மூன்று வருடமாகக் கோகிலவாணி எழுதிக் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: வார்டு உறுப்பினர் மூலமாகக் கேளுங்கள்.

எதிர்க்கட்சி தாமதிக்கவில்லை. அவர்கள் நிறுத்தவிருந்தது ஷாயிஸ்தாவை. கடைத்தெருவில் வர்க்கி என்ற மொறுமொறுப்பான ரொட்டி சுடும் பேக்கரியை அவர்தான் நடத்துகிறார். அவருடைய மாமனார் நூர் அகமது அந்தக் கட்சியின் வார்டுப் பொறுப்பாளர். ஞாயிறும் திங்களும் ஷாயிஸ்தா கீழ் லயத்துக்கு வந்தார். வீடு வீடாகப் போனார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். சனிக்கிழமை நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீழ் லயத்துக்காரர்களும் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் வடிவேல் பிள்ளைக் காம்பிராவுக்கு வந்தார். பதினேழு குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அதனால் அந்தச் சண்டை முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது.

"அந்தப் பொண்ணு வந்து போனதும் கீழ் லயத்துல முப்பத்தோரு டம்ளர் கழுவிக் கவுத்திருக்காங்க தங்கச்சி. வளைவுல நின்னு நானே எண்ணுனேன்."

"டீ குடிச்சா ஓட்டுப் போயிருமாண்ணே?"

"டீ மட்டும்னா நான் ஏன் வாரேன்? வர்க்கி. அடுப்புல இருந்து எடுத்த சூடு மாறல."

குன்னூரிலிருந்து கட்சியின் பெரிய ஆள் யாரையாவது கூட்டிவந்து கீழ் லயத்தில் பேசவைக்கலாம் என்றார் வடிவேல். தபித்தாளுக்கு மகளிர் அணியில் ஏதாவது பொறுப்பு கொடுக்கலாம் என்றார். கோபம் எல்லாம் நான்கு நாள்தான், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப்போட நம் ஆட்களுக்குக் கை வராது என்றும் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

கோகிலவாணி ஒரு குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "ஈரத்துக்குக் கழிச்சிருக்கணுமா இல்லையாண்ணே?"

"திருவிழாத் தேதிக்கு நிறுத்தப்ப கழிச்சமா?"

"அன்னிக்கி எல்லாரும் ஒரே காட்டுல எடுத்தாங்க."

வடிவேல் வாயைத் திறந்தார். ஒரு குழந்தை அசைந்ததும் மூடிக்கொண்டார்.

அவரிடம் சொல்லாத ஒன்று கோகிலவாணியிடம் இருந்தது. சனிக்கிழமை தன் பிடியைப் போட அண்ணியின் கூடையில் கைவிட்டபோது அவருக்கு முழங்கைவரை நனைந்தது. அப்போதே தெரிந்தது. கைதட்டல் கேட்டபோதும் தெரிந்தது. மூன்று நாளாக அதை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை நான்கு மணி நிறுவைக்கு இரண்டு லயமும் வரும். குழந்தைகளைத் தாய்மார்களிடம் கொடுத்துவிட்டு அவரும் கொட்டகைக்குப் போனார். தராசின் ஒரு பக்கம் கம்பெனியின் கணக்கப்பிள்ளை ரவிச்சந்திரன். மறுபக்கம் சங்கத்தின் சார்பில் எடையைப் பார்க்க நிற்கும் வடிவேல். கடைசிச் சாக்கு இறங்கியதும் கோகிலவாணி நடுவில் போய் நின்றார்.

"சனிக்கிழமை எங்க சாக்கு ஈரம்" என்றார். "நான் கைய விட்டப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன். கழிக்க வேண்டியதக் கழிச்சுப் பாத்துருவோம்."

யாரும் கேட்காமலேயே ரவிச்சந்திரன் கால்குலேட்டரைத் தட்டினார். பழக்க தோஷம். "ஆறு நானூறுல பத்து பெர்சன்ட் போனா அஞ்சு எழுநூத்தி அறுபதுங்க. அப்பறம் அந்தச் சாக்கு அஞ்சு தொள்ளாயிரம். நூத்தி நாப்பது கிராம்ல தபித்தாக்கா ஜெயிக்கிறாங்க."

அவர் கழித்த கழிவில் ஒரு தொழிலாளி லாபம் அடைந்தது அதுதான் முதல் தடவை. கீழ் லயத்தில் சிரிப்பு பரவியது. மேல் லயத்தில் முகங்கள் சுருங்கின.

"அப்ப கட்சி லெட்டர்ல அக்கா பேருதான் போகணும்" என்றார் கோகிலவாணி. குரல் நன்றாகத்தான் வந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

வடிவேல் தலையில் கைவைத்தார். மேல் லயத்திலிருந்து ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: "அப்ப நாளையிலருந்து நாங்களும் வர்க்கி திங்கப் போறோம்." அதற்கும் சிரித்தார்கள், ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. முப்பத்தோரு டம்ளர் இப்போது மேல் லயத்தில் கவிழப்போவது வடிவேலின் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தபித்தாள் கூடையை இறக்கிவைத்தார்.

"நூத்தி நாப்பது கிராம்ங்கிறது எங்க வீட்டுக்காரரோட ஒரு பிடி" என்றார். அவருடைய கணவர் நாச்சிமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். ஃபேக்டரியில் எந்திரம் ஓட்டும் அகலமான கைகள். "அந்தக் கையால ஜெயிச்சேன்னு சொல்லி நான் எப்படி ஓட்டுக் கேக்கிறது?"

தபித்தாள் கோகிலவாணியைப் பார்த்தார்.

"இந்தத் தராசு முன்னால பத்தொம்பது வருசமா நிக்கிறேன். அடுத்தவங்க கொழுந்து ஈரம்னு எல்லாரும் சொல்லுவாங்க. என்னோடது ஈரம்னு ஒருத்தி சொல்லி இன்னிக்கித்தான் கேக்கிறேன். வார்டு நீயே வச்சுக்க தங்கச்சி. மெம்பரானா இந்தக் கொட்டகைக்குள்ள வந்து ஒரு கிராமத் தடுக்க முடியுமா? முடியாது. எனக்கு அண்ணன் நிக்கிற எடம் வேணும்."

தராசுக்குப் பக்கத்தில் வடிவேல் நின்ற இடத்தைக் காட்டினார். வெயிலில் எடுத்த கொழுந்துக்கும் ஈரம் என்று கம்பெனி கழிக்கும்போது, அந்த இடத்தில் நின்று வடிவேல் மறுத்துச் சொன்ன நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அது அவருக்கும் தெரியும்.

"அதுக்கு முறையா கூட்டம் போட்டு…" என்று ஆரம்பித்தார்.

"இங்க நிக்கிறது பின்ன என்னவாம், வெத்துச் சாக்கா?" என்றார் கருப்பம்மா.

கூட்டம் அங்கேயே நடந்தது. இந்த முறை யாரும் கொழுந்தைத் தொடக் கூடாது என்று முதலில் முடிவானது. தபித்தாள் தராசுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்பவர்கள் தராசைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும்; தலையை எண்ண வேண்டும். சங்கத்தில் நூற்றுப் பத்தொன்பது பேர். கீழ் லயம் முழுதும் போனது. மேல் லயத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஈரத்துக்குக் கழிவது அவர்களுக்கும்தானே. வர்க்கி தின்னப்போவதாகச் சொன்ன பெண்தான் முதலில் நகர்ந்தாள். ரவிச்சந்திரன் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். தனக்கு எதிராக நடக்கும் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறோம் என்பது அவருக்கு எழுபதுக்கு மேல்தான் உறைத்தது. ஆனாலும் எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று தொடர்ந்தார். தொண்ணூற்றேழில் நின்றது.

வடிவேல் கொஞ்ச நேரம் தராசின் கொக்கியைப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். "தொண்ணூத்தெட்டு" என்றார் ரவிச்சந்திரன். சனிக்கிழமை வராத கைதட்டல் அப்போது கீழ் லயத்திலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை கோகிலவாணி மனுக் கொடுத்தார். பிரசாரத்தில் தபித்தாள் கூடவே நடந்தார். ஆனாலும் கீழ் லயத்துக்காரர்கள் யாருக்குப் போடுவோம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஷாயிஸ்தா வந்தபோதும் நாற்காலி போட்டார்கள், கோகிலவாணி வந்தபோதும் போட்டார்கள். வடிவேல் டம்ளர் எண்ணுவதை நிறுத்தவில்லை. இப்போது இரண்டு லயத்திலும் எண்ணினார்.

ஓட்டு எண்ணிக்கை அன்று பேரூராட்சி அலுவலகத்துக்கு வெளியே இரண்டு கட்சியும் நின்றன. ஏழாவது வார்டு பதினொரு மணிக்கு வந்தது. கோகிலவாணி நூற்று எண்பத்து நான்கு. ஷாயிஸ்தா நூற்று நாற்பத்தேழு. தபித்தாள் கோகிலவாணியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பேசாத பெண்ணுக்கு இவ்வளவு பலமா என்று மேல் லயம் அசந்துபோனது. ஷாயிஸ்தா கூட்டத்தைத் தாண்டி வந்து கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாதை வேலையை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள், பேக்கரிப் பக்கம் எவ்வளவு இடம் வேண்டுமோ அளந்துகொள்ளுங்கள் என்றார்.

வடிவேல் மட்டும் வாக்காளர் பட்டியலோடு படியில் உட்கார்ந்திருந்தார். லயங்களிலிருந்து ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுத் தொண்ணூற்றேழு பேர். ஒவ்வொரு பேருக்கும் டிக் போட்டிருந்தார். கிடைத்தது நூற்று எண்பத்து நான்கு.

"பதிமூணு பேர் அந்தப் பக்கம் போட்டிருக்காங்க" என்றார். "ஜெயிச்சாச்சு, சரி. ஆனா யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"ஒண்ணு நானு" என்றார் கருப்பம்மா. அவர் கழுத்தில் கோகிலவாணிக்கு வாங்கிய மாலை இருந்தது. "அந்தப் புள்ள மூணு தடவ வந்துச்சு. பாவம்னு போட்டேன். இவ எப்பிடியும் ஜெயிச்சுருவா."

"கருப்பம்மாக்கா, நீங்கதான காலையிலருந்து வெடி வெடிக்கிறீங்க?"

"ஓட்டு என்னோடது. வெடி சங்கத்தோடது."

இன்னொருவர் கையைத் தூக்கினார். பிறகு மேல் லயத்திலிருந்து இரண்டு பேர். அவர்கள் வெட்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் வெட்கப்படவில்லை. கோகிலவாணி சிரிப்பை அடக்க முடியாமல் தபித்தாளின் தோளில் சாய்ந்தார். வடிவேல் எண்ணினார். பதிமூன்றில் நிற்கவில்லை. பதினாறு ஆனது.

"கணக்கு இடிக்குதே" என்றார் அவர். "பதினாறு போனா இவளுக்கு நூத்தி எம்பத்தொண்ணுதான வரணும்?"

நூர் அகமது இதையெல்லாம் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கணக்குத் தெரியும். மெதுவாகத் திரும்பித் தன் கடைத்தெருக்காரர்களைப் பார்த்தார். மளிகைக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். தையல் கடைக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"நம்ம தெருவுல அந்த மூணு பேரு யாருங்க?" என்றார் நூர் அகமது.

அவர் பார்வை சுற்றிவந்து கடைசியில் மருமகளிடம் நின்றது.

"என்ன ஏன் மாமா பாக்கறீங்க?" என்றார் ஷாயிஸ்தா. "நான் எனக்குத்தான் போட்டேன்."

ஊர்வலத்துக்குத் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நூர் அகமது மூன்று பேரைத் தேடிக்கொண்டே ஊர்வலத்தோடு நடந்தார். பேக்கரி முனை வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கருப்பம்மா அவர் கையைப் பிடித்து ஆட இழுத்தார். அவரும் போனார்.