டொக் டொக், ம்

1

நான் எழுதிய ஒரு வரியால் வந்த வினை இந்தக் கதை. சுகாதாரப் பணியாளர்களுக்குக் கவச உடை அணியவும் கழற்றவும் கற்றுத்தரும் கைப்பேசிச் செயலியைப் புதுப்பித்தார்கள். வாசகம் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஏழாம் படியில் எழுதினேன்: 'கையுறை கழற்றிய வெறுங்கையால் மேசையைத் தட்டக் கூடாது.'

யாராவது தட்டுவார்களா என்பீர்கள். எல்லோரும் தட்டுகிறார்கள்.

2

செயலியில் இருந்த பழைய காணொளியில் செய்து காட்டியவள் ஒரு செவிலி. [நல்ல உயரம், சுருட்டை முடி... வேண்டாம். கவச உடைக்குள் சுருட்டை முடி யாருக்குத் தெரியப்போகிறது?] படம் பிடித்தவர் அவள் கணவர், அதே மருத்துவமனையின் கிடங்குக்காரர். கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு மத்தியான இடைவேளையில் எடுத்தார்கள். ஒரு படி முடிந்தால் அவள் மேசையை இரண்டு தட்டு தட்டுவாள். அவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் 'ம்' என்றார். அந்த மத்தியானத்தில் நான் இல்லை. ஆனாலும் நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

தொற்று பரவிய அவசர காலம். வெட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டார்கள். பார்த்தவர்கள் தட்டலையும் சேர்த்தே படித்தார்கள். ஒருவர் கையுறையைக் கழற்றி டொக் டொக் என்பார். பக்கத்தில் இருப்பவர் 'ம்' என்பார். அவளுக்கு டொக்டொக் சிஸ்டர் என்று பேரே விழுந்தது. கணவர் இறந்த பிறகு, அந்த 'ம்' காதில் விழட்டும் என்றே வார்டுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள்.

3

புதிய காணொளியிலும் செய்து காட்டப்போகிறவள் அவள்தான். என் தாளைப் படித்ததும் அவள் கண்கள் குளமாகி... இல்லை, அவள் அழவில்லை.

"ஏழாவது வரி நீங்க எழுதினதா?"

"ஆமா சிஸ்டர். தப்பா இருக்கா?"

"சரியா இருக்கு. நானே சொல்லியிருக்கணும். கையில இருக்கிற கிருமி மேசைக்குப் போகும். அதே மேசையிலதான் சாப்பாட்டு டப்பாவ வைக்கிறாங்க." தாளை மடித்தாள். "புதுசு வந்தா தட்டுறத விட்டுடுவாங்க, இல்ல?"

"விடணும்னுதானே சிஸ்டர் எடுக்கிறோம்."

"ம்," என்றாள்.*

* பழைய காணொளியை அவளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். "போன்ல அவர் 'ம்'ங்கிறாரு. வார்டுல இருக்கிறாரு. ரெண்டும் ஒண்ணாய்யா?" என்றாள்.

4

புதிய பதிவு. இந்த முறை அவளுடைய மகள் கைப்பேசியைப் பிடித்திருக்கிறாள்.

முடிவு ஒன்று: பழக்கதோஷத்தில் தட்டிவிடுகிறாள், எல்லாம் முதலிலிருந்து. அடித்துவிட்டேன். அவள் தன் தொழிலை அப்படி விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

முடிவு இரண்டு: தட்டாமலே மகள் 'ம்' என்கிறாள். எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அதனாலேயே சந்தேகம் வந்து, அதையும் அடித்தேன்.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். கையுறை குப்பைத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அவளுடைய வலது கை மேசைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. தட்ட மாட்டாள். ஆனால் பக்கத்தில் இருக்கும் கிருமிநாசினியை நோக்கியும் அது போகவில்லை.

கேட்பவர் 'ம்' கொட்டினால்தான் கதை நகரும். இவ்வளவு நேரமும் நான் ஒருத்தனேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கொஞ்சம் வாயைத் திறங்கள். அவள் காத்திருக்கிறாள்.