மணல் தின்னாத இடம்

மணலைப் போல ஒரு திருடன் உலகத்திலேயே கிடையாது. ஆற்றுக்கடியில் மின்சாரத்துக்காகச் சுற்றும் டர்பைனை எங்கள் பட்டறைக்குத் தூக்கி வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் நான் இடுப்பொடிய வெல்டிங் வைத்துக் கொடுத்த இறகு, ஓரமெல்லாம் அரித்து வெறும் தகடாய்த் திரும்பியிருக்கும்.

இந்த முறை இறகுகளைத் தாங்கி நடுவில் சுற்றும் குடமும் தேய்ந்துவிட்டது. மூன்று வருஷமாகத் திறக்காத அதன் மூடியைக் கழற்றினோம். தண்ணீர் போகும் கையகலத் துளை வழியே புகுந்து உள்ளே சுற்றிக்கொண்டிருந்த சேற்றோடு ஒரு எஃகுக் காப்பு விழுந்தது. மணல் தேய்த்துத் தேய்த்துக் கம்பியாய் மெலிந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சின்னப் புடைப்பு.

சேற்றைத் துடைத்துவிட்டு அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தேன்.

தம்பியின் காப்பு ஒருமுறை விரிசல் விட்டபோது, இறகுக்கு வைக்கும் கெட்டிக் கம்பியால் நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். சாதா எஃகைப் போல அதை மணல் லேசில் தின்னாது.

“என்னக்கா, ஒட்டச் சொன்னா பரு வரவெச்சிருக்க?” என்று சிரித்தான்.

“போடா, உன் மூஞ்சிக்கு இது போதும்” என்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆற்றில் வெள்ளம் போன சமயம், அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவன் திரும்பவில்லை. “ரோஷக்காரன். எங்கயோ வேலை பாக்குறான், கோபம் தணிஞ்சா வருவான்” என்று அம்மா அன்றிலிருந்து வாசல் கதவைத் தாழ்போடுவதில்லை.

மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். மறைத்தால் காலம் முழுக்க நானும் காத்திருப்பதாக நடிக்க வேண்டும். சத்தியமாக என்னால் ஆகாது.

வீட்டுக்குப் போய், சமையலறையில் அம்மாவின் கையில் காப்பை வைத்தேன். கண்ணாடியை மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது அவனுது இல்ல. அவனுதுல பேரு வெட்டியிருக்கும். இதுல ஒண்ணுமே இல்லையே.”

“மணல் தேச்சிருச்சும்மா.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி? உலகத்துல வேற எவனும் காப்பு போடலையா? கொண்டுபோய்த் தூரப் போடு!”

என்னிடம் நீட்டினாள். புடைப்பு அவள் முந்தானையில் மாட்டி நூலை இழுத்தது. அம்மா விரலால் அந்தப் புடைப்பைத் தடவினாள்.

“மழமழன்னு தேச்சுக் குடுடி, அவன் வந்து கட்டிப்புடிச்சா சேலையெல்லாம் கிழியுதுன்னு எத்தனை தடவ சொன்னேன்” என்றாள். “கேட்டியா நீ?”

“கேக்கலம்மா.”

மாட்டிய நூலை அவள் விடுவிக்கவில்லை. முந்தானையோடு காப்பை மார்பில் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பெற்ற வயிறு எரிய அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

படுக்கப் போகும் முன் அம்மாவே எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டாள்.