லாஞ்சி டிரைவரின் காது

என் வீட்டுக்காரருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது எனக்குச் சிதம்பரத்தில்தான் தெரிந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், மார்கழி மாதம். கீரப்பாளையத்தில் என் அம்மா வீட்டுக்குப் போன கையோடு நடராஜரையும் பார்த்துவிடலாம் என்று வந்து, சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். சாயரட்சைக்குக் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. படியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டார்கள். இவர் மட்டும் தண்ணீரில் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முழங்கையால் இடித்த பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவசரமாகக் கையைத் தூக்கினார்.

"மணி கேக்கலியா?" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும்.

எப்படி இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கடலூர் முதுநகரில் நாங்கள் இருந்த தெருவில் பாதிப் பேர் எஞ்சின் வேலைக்காரர்கள். அவர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். அவர்களிடம் நாங்களும் கத்தித்தான் பேசுவோம். அதோடு எனக்குக் குரலும் பெரிசு, வாயும் பெரிசு. நான் மெதுவாகப் பேசியிருந்தால் முன்னாடியே தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில் எல்லாவற்றையும் சொன்னார். உப்பனாற்றில் சரக்குப் படகுகளை இழுக்கும் லாஞ்சி என்கிற எஞ்சின் படகுக்கு இவர்தான் டிரைவர். கடலூரில் கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். நாலு படகுகளைக் கயிற்றில் கோத்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டி, கப்பல்வரை இழுத்துக்கொண்டு போகவேண்டும். மேலே சுக்கான் பிடிப்பவன் என் தம்பி பக்கிரி. கீழே எஞ்சின் குழியில் இவர். தண்ணீருக்கடியில் சுற்றுகிற விசிறியில் கயிறு சிக்கிக்கொண்டால் முங்கி அறுத்து எடுப்பதும் இவர்தான். முங்கி முங்கி இரண்டு காதிலும் சீழ் வைத்து, உள்ளே இருக்கும் சவ்வு ஓட்டையாகிவிட்டது. டாக்டர் அதைச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. யாருக்கும், எனக்குக்கூடச் சொல்லவில்லை. பக்கிரி மேலேயிருந்து அடிக்கிற மணியைக்கூட, அது ஆடுவதைப் பார்த்தே சமாளித்தாராம்.

"எஞ்சின் சத்தமாவது கேக்குதா?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"பெரிய அடி கேக்குது. உள்ள இருக்கிற சின்னச் சத்தந்தான் கேக்க மாட்டேங்குது."

"சின்னச் சத்தத்துலதானே எல்லாம் இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரங்கிப்பேட்டை ஸ்டேஷன் வந்து போனது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். கோபம் பாதி, பயம் பாதி.

பயத்துக்குக் காரணம் உண்டு. முகத்துவாரம் விளையாட்டு இடமில்லை. அதை எப்படித் தாண்டவேண்டும் என்று இவர் சொல்லாத நாளே கிடையாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் ஜாஸ்தி ஏறும், ஜாஸ்தி வற்றும். அஷ்டமி நவமியில் ஏறுவதும் இறங்குவதும் பேருக்குத்தான். ஏற்றம் முடியப்போகிற கடைசி அரைமணியில் மேட்டைத் தாண்டினால் அடியில் தண்ணீர் இருக்கும், அலையும் அடங்கியிருக்கும். வற்றத்தில் போனால் ஆறு வெளியே தள்ளும், கடல் உள்ளே தள்ளும், நடுவில் மாட்டிக்கொள்வான் படகுக்காரன். அந்த நேரத்தில் எஞ்சின் நின்றால் லாஞ்சி குறுக்கே திரும்பிவிடும். பின்னால் வருகிற நாலு படகும் அதன் மேலேயே வந்து ஏறும். எஞ்சின் திடீரென்று நிற்காது, நிற்பதற்கு முன்னால் பத்துத் தடவை சொல்லும், டிரைவர் என்பவன் அதைக் கேட்கத்தான் கீழே உட்கார்ந்திருக்கிறான் என்பார். அப்படிச் சொன்னவர்தான் ஒரு வருஷமாகக் கேட்காமலே ஓட்டியிருக்கிறார். மேலே நிற்பது என் கூடப்பிறந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "தையில மறுபடி ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள பக்கிரிகிட்ட நீங்களே சொல்லணும். இல்லாட்டி நான் சொல்லுவேன்."

"சொன்னா என்னை எறக்கிடுவாங்க."

"எறக்கட்டும். கீரப்பாளையத்துல நெலம் இருக்கு."

"நெலத்துல நான் என்னா பண்ணுவேன், ரத்தினம்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அதை அவர் சொன்ன விதத்தில் எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

மழைக்காலம் முழுக்கத் துறைமுகத்தில் வேலை இராது. அந்த மாதங்களில் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டுவார்கள். இவர் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பேன். எஞ்சினுக்கு ஊற்றும் கிராசினை இரட்டைத் துணியில் வடிகட்டுவார். உப்புத்தண்ணீர் ஓடிய குழாயில் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுவார். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் கழற்றின வரிசையிலேயே கோணிச்சாக்கில் பரப்பி வைப்பார்; திரும்பப் பூட்டும்போது சாக்கு காலியானால்தான் சோற்றுக்கு எழுந்திருப்பார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், ஒரு புதன்கிழமை எஞ்சினை மூடுகிற நாள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். ராகுகாலத்தில் மூடின எஞ்சின் கடலில் கழுத்தை அறுக்கும் என்று எனக்குப் பயம். பதினொன்றே முக்காலுக்கே துறைக்குப் போய் நின்றுகொண்டு, சூரியனைக் காட்டி, கையை ஆட்டி, அவரை ஒரு வழி பண்ணிவிட்டேன். பாவம், தலையை ஆட்டிவிட்டு, சரியாகப் பன்னிரண்டுக்கு முன்னால் மூடியைப் போட்டு முறுக்கினார். நானும் திருப்தியாக மூடிக்குக் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, லாஞ்சியைத் துறையிலேயே கட்டிவைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். நான் சோறு எடுத்துக்கொண்டு போனேன். ஊதுவிளக்கால் எஞ்சின் தலையைக் காய்ச்சி, சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் அது 'டப் டப்' என்று பிடித்துக்கொண்டது. இவர் முகமெல்லாம் சிரிப்பு. பக்கிரியும் மேலே நின்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம் அது. அந்த லாஞ்சி ஆற்று வளைவில் திரும்பும் சத்தம் கேட்டுத்தான் உலையில் அரிசி போடுவேன். இன்றைக்கு இரண்டு 'டப்'புக்கு நடுவில் சின்னதாக ஒரு 'டொக்' இருந்தது.

"என்னாமோ அடிக்குது" என்றேன்.

அவர் காட்டன் வேஸ்ட் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னா?" என்றார்.

"உள்ள என்னாமோ தட்டுதுங்க. நிறுத்துங்க."

"நேத்துதானே பூட்டினேன். எல்லாம் புதுசாட்டம் இருக்கு. நீ போ."

"டொக்கு டொக்குன்னு கேக்குது!"

"ஒண்ணும் கேக்கல."

அப்போதுதான் என் பாழாய்ப்போன வாய் திறந்தது. "உங்களுக்கு எங்க கேக்கும்? செவுட்டுக் காத வச்சுக்கிட்டு ஒரு வருஷமா ஊர ஏமாத்துறீங்க! எனக்குக் கேக்குது!"

எஞ்சின் சத்தத்தையும் மீறி என் குரல் துறை முழுக்கப் போனது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவருக்கும் கேட்டுவிட்டது. கேட்கவேண்டியதெல்லாம் கேட்காமல் போய், அதுவா கேட்கவேண்டும்? அவர் முகம் செத்துப்போயிற்று. நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது எனக்கு.

பக்கிரி மெதுவாகக் குழிக்குள் இறங்கி வந்தான். "நிஜமா, மாமா? எத்தினி நாளா?"

இவர் நீளமான திருப்புளியை எடுத்தார். எஞ்சின்காரர்கள் அதன் நுனியை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அவரும் வைத்துப் பார்த்தார். வலது காது. இடது காது. மறுபடி வலது. ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. தோற்றுப்போய், எஞ்சினை நிறுத்தலாம் என்று குனிந்தார். நிறுத்த இரண்டு கையும் வேண்டும். திருப்புளியின் பிடியை வாயில் கடித்துக்கொண்டார். குனிந்த வாக்கில் அதன் நுனி எஞ்சின் உடம்பில் பட்டது.

அப்படியே நின்றுவிட்டார். கண் அகலமாகத் திறந்தது. இன்னும் அழுத்திக் கடித்து, நுனியை மேலே வைத்தார், பக்கவாட்டில் வைத்தார், அடியில் வைத்தார். அடியில் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விரலால் காற்றில் தட்டிக் காட்டினார்: டொக், டொக், டொக். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பல்லு வழியா கேக்குதுடா, பக்கிரி!" என்றார்.

எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்தார்கள். சுழலும் தண்டைத் தாங்குகிற அடி பேரிங்கில் ஒரு நட்டு இரண்டு சுற்றுக் கழன்றிருந்தது. அதைக் கழலாமல் பிடித்து நிறுத்தவேண்டிய இரும்புப் பின் அதன் துளையில் இல்லை. சாக்கின் மடிப்பில் கிடந்தது. பக்கிரி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நேற்று ராகுகாலம், ராகுகாலம் என்று கையை ஆட்டியவள் யார் என்று அவனுக்கும் தெரியும். "முகத்துவாரத்துல இது போயிருந்தா, அக்கா, நாங்க யாரும் வீட்டுக்கு வந்திருக்க மாட்டோம்" என்றான். நான் சோற்றுத்தூக்கை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

விஷயம் கம்பெனி மேனேஜருக்குப் போகாமல் இருக்குமா? இவரே முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டார். பக்கிரியும் கூடப் போனான். "சுக்கான் பிடிக்கிறவன் நான். உசிரு என்னுது. மாமாதான் கீழ உக்காரணும்" என்றானாம். மேலேயிருந்து 'மெதுவா, நிறுத்து' என்று தெரிவிக்கும் மணிக்குப் பதிலாக, ஒரு கயிற்றை மாமா மணிக்கட்டில் கட்டி இழுப்பதாகவும் சொன்னானாம். மேனேஜர் யோசித்துவிட்டு, பூசத்துக்கு மறுநாள் வெள்ளோட்டத்தில் தானும் ஏறுவதாகச் சொன்னார். தாண்டிக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

அதுவரைக்கும் இவர் என்னிடம் பேசவில்லை. கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போட்டதைச் சாப்பிட்டார், கொல்லையில் உட்கார்ந்து ஒரு பூவரசங்கட்டையைக் கத்தியால் சீவினார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? கத்தினால்தான் கேட்கும். மன்னிப்பைக் கத்திக் கேட்க முடியுமா?

வெள்ளோட்டத்தன்று காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. நான் துறைக்குப் போகவில்லை, முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் மணலில் தனியாக நின்றேன். லாஞ்சி நாலு படகுகளோடு மேட்டை நெருங்கியது. திடீரென்று வேகம் குறைந்தது. சத்தம் சீராகத்தான் இருக்கிறது, எதற்குக் குறைக்கிறார்கள்? கொஞ்ச நேரம் அப்படியே தத்தளித்துவிட்டு, மறுபடி வேகம் பிடித்து மேட்டைத் தாண்டி வெளியே போயிற்று.

நடந்ததைப் பக்கிரி பிறகு வந்து சொன்னான். எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர்க் குழாயின் சல்லடையில் மணல் அடைக்க ஆரம்பித்திருக்கிறது. பூவரசங்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு பம்பின் மேல் வைத்திருந்த இவர், பம்பு திணறுவதைக் கேட்டு வேகத்தைக் குறைத்து, சல்லடையைக் கழற்றி உதறி மாட்டிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டியிருக்கிறார். பக்கத்திலேயே நின்ற மேனேஜருக்கு இரண்டு நல்ல காது. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தார். குளித்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் நிமிரவில்லை. மடியிலிருந்து அந்தக் குச்சியை எடுத்தார். ஒரு சாண் நீளம், இரண்டு முனையும் வழவழவென்று தேய்த்திருந்தது. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை என் தொண்டையில் வைத்தார். 'பேசு' என்று கையைக் காட்டினார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பே அவருக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டது. துறையில் அத்தனை பேர் காதிலும் விழும்படி இவரைச் சிறுமைப்படுத்தியவள் நான். இப்போது நான் எதைச் சொன்னாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது, அடுப்புக்குக்கூடக் கேட்காது. இவர் ஒருவருக்குத்தான் கேட்கும். அதற்குத் தகுந்த மாதிரி என்ன இருக்கிறது என்னிடம்?

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கார்டுக்குப் பேர் கேட்டு வந்தவரிடம்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் சொல்லச் சொன்னேன்.

உதடு அசைவது தெரியாமல், மூச்சுக்குக் கொஞ்சம் மேலே, "கலியமூர்த்தி" என்றேன்.

அவர் குச்சியை எடுக்கவில்லை. கடித்த பல்லோடு, குழறலாக, "இன்னொரு வாட்டி" என்றார்.